எலி எண்ணப் போன தம்பிக்கு

என்ரை குஞ்சுத் தம்பி ரமணா,

நான் உன் காட்டுக்குப் போய் வந்துவிட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் பிறகு.

உனக்குச் சிரிப்பு வரும். ரொறன்ரோ மோர்னிங்சைட்டில் எங்கள் அப்பாட்மென்டுக்குப் பின்னால் ஒரு பள்ளத்தாக்கு முழுக்க மரம் நிற்கிறது. இங்கே வந்து இத்தனை வருடத்தில் நான் அதற்குள் ஒரு நாளும் இறங்கினதில்லை. பஸ் தரிப்பில் நின்று, இலை நிறம் மாறுவதைப் பார்ப்பதோடு சரி. அப்படிப்பட்ட உன் அக்கா நான் பிளேன் ஏறி, ரெயின் ஏறி, இங்கிலாந்துக் காடு ஒன்றில் சேற்றுக்குள் கால் புதைய நின்றேன் என்றால் நீ நம்புவாயா?

இரண்டு வருடத்துக்கு முன், நீ எங்களை விட்டுப் போன அன்று எனக்கு ரெலிபோன் எடுத்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். உன் பெயரைப் பிழையில்லாமல் சொன்னார். அதற்குப் பிறகு அவர் சொன்னதில் "இருதயம்", "காடு" என்ற இரண்டு சொற்கள்தான் எனக்குள் போயின. ரிசீவரை வைத்த பிறகும் அந்தக் காடுதான் காதுக்குள் நின்றது. பெற்றோல் செற்றில் வேலை செய்கிற என் தம்பி காட்டுக்குள் என்ன செய்துகொண்டிருந்தான்?

என்னால் வர முடியவில்லை, ரமணா. அப்போது என்னிடம் கனடாப் பாஸ்போட் இல்லை. வெளியே போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை என்று லோயர் சொன்னார். பெரியம்மாவின் மகன் சிவம் அண்ணைதான் லண்டனில் இருந்து வந்து உனக்கு எல்லாம் செய்தார். நாங்கள் இங்கே அம்மாவின் கட்டிலைச் சுற்றி இருந்து அழுதோம்.

பிறகு கதை தொடங்கியது. உனக்குத் தெரியும்தானே எங்கள் சனத்தை. கோயிலில் ஒருவர் ஆரம்பிப்பார், கடையில் இன்னொருவர் முடிப்பார். "முப்பத்திநாலு வயசுப் பெடியனுக்கு ஹார்ட் அற்றாக்கோ? அதுவும் காட்டுக்கை போயோ?" என்று செல்வம் அன்ரி, அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் நான் நிற்பது தெரியாமல் சொன்னா. மற்றவ, "பாவம், தனிய இருந்த பெடியன். விசாவும் இழுபட்டுக்கொண்டு கிடந்ததாம்," என்றா. அதற்கு மேல் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. காட்டுக்குள் தனியாகப் போகிற இளம் ஆம்பிளை எதற்குப் போவான், ஏன் திரும்பி வரமாட்டான் என்று எல்லாருக்கும் ஒரே எண்ணம்தான்.

அந்தக் கதை அம்மாவின் காதுக்கும் போனது. என்னிடம் அம்மா ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். யாராவது உன் பெயரைச் சொன்னால் அடுப்படிக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவார். எனக்கும் உண்மை தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் என்னைத் தின்றது.

இந்த வருடம் குடியுரிமைச் சத்தியப்பிரமாணம் செய்து பாஸ்போட் கையில் கிடைத்ததும் செய்த முதல் வேலை ரிக்கெற் எடுத்ததுதான். "பிள்ளை, என்னத்துக்கு?" என்று அம்மா கேட்டார். "பாத்திட்டு வாறன் அம்மா," என்றேன். அம்மா என் சூட்கேசுக்குள் ஒரு கம்பளிச் சட்டையை வைத்தார்.

சிவம் அண்ணைக்கு விருப்பமில்லை. "ஏன் ரஞ்சி உதைக் கிண்டிறாய்? போனவன் போயிட்டான். ஏதும் கூடாத கதை வந்தால் சின்னம்மா தாங்குவாவே?" என்றார். அவரும் நம்பியிருக்கிறார், பார். உன்னைக் குளிப்பாட்டி, வேட்டி கட்டி அனுப்பின மனிசன்.

"கூடாத கதையெண்டாலும் பரவாயில்லை அண்ணை. கதை எனக்குத் தெரிய வேணும்," என்றேன்.

அன்று எனக்கு ரெலிபோன் எடுத்த உன் ஜில்லைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. நீ போன பிறகு வந்த இரண்டு நத்தாருக்கும் அவர் எனக்குக் கிறிஸ்மஸ் காட் அனுப்பியிருந்தார். நம்பரும் எழுதியிருந்தார். எடுத்தவுடன், "ரமணனின் அக்காவா? ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். அன்றைக்குத்தான் எண்ணுகிறோம்," என்றார். எதை எண்ணுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. ஆங்கிலம் பிழையாகக் கேட்டிருக்கும் என்று நினைத்தேன்.

ஸ்ரேசனில் பெடியன் மாதிரி தலைமயிர் வெட்டின, ஐம்பத்தைந்து வயது மதிக்கக்கூடிய, குள்ளமான ஒரு பெண் நின்றார். அவர்தான் ஜில், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாராம். நான் கும்பிடுவதா கை கொடுப்பதா என்று தடுமாற, அவர் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டார். பிறகு என் சப்பாத்தைக் குனிந்து பார்த்து, பெருமூச்சு விட்டார்.

இங்கிலாந்தின் பழைய காடு என்றதும் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? வானத்தை முட்டுகிற மரங்கள். ஒரு மரத்தைச் சுற்ற நாலு பேர் வேண்டும் என்கிற மாதிரி. ஆனால் உன் காட்டில் எல்லாம் மெல்லிய தடிகள். ஒரே அடியிலிருந்து பத்துப் பன்னிரண்டு தடிகள் கிளம்பி, சிலிர்த்த தலைமயிர் போல நின்றன. "இது பழைய காடா?" என்று கேட்டேன். ஜில் குனிந்து, பாசி பிடித்த ஒரு கட்டையைத் தட்டினார். மரத்தை அடியோடு வெட்டுவார்களாம், அது திரும்பத் தளிர்க்குமாம், திரும்பவும் வெட்டுவார்களாம். வெட்ட வெட்ட ஆயுள் கூடுமாம். அந்தக் கட்டைக்கு நானூறு, ஐநூறு வயது இருக்கலாமாம். வயதை நான் மேலே தேடினேன், அது கீழே இருந்தது. நீயும் முதல் நாள் இதே கேள்வியைக் கேட்டாயாமே?

அங்கேதான் எல்லாவற்றையும் சொன்னார். ஒரு நாள் பெற்றோல் அடிக்க வந்தபோது, கடைக் கண்ணாடியில் ஒட்டச் சொல்லி உன்னிடம் ஒரு நோட்டீஸ் தந்தாராம். காட்டில் எலி எண்ண ஆட்கள் தேவை என்று. நீ அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "எங்கட ஊரிலை எலியைக் கொல்லத்தான் ஆள் தேடுறது. இஞ்சை எண்ணவும் ஆள் தேடுறியளோ?" என்று கேட்டாயாம். "வந்து பார்," என்றாராம். நீ அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய் நின்றாயாம். பிறகு ஒரு தரமும் தவறவிடவில்லையாம்.

ரமணா, நான் அந்தச் சேற்றுக்குள் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். இரண்டு வருடம் அழுத அழுகைக்கெல்லாம் நடுவில், எலி!

அது வீட்டு எலி இல்லை என்று ஜில் எனக்கு விளங்கப்படுத்தினார். மரத்தில் வாழ்வது, கோடையில் நிலத்தில் கால் வைப்பதே அரிது, குளிர்காலம் முழுக்கத் தூங்குவது. பழைய காடுகள் அழிய அழிய அதுவும் குறைந்துகொண்டு போகிறதாம். அதனால்தான் எண்ணுகிறார்கள். மரங்களில் பறவைக்கு வைப்பது போலப் பெட்டிகள் கட்டியிருந்தார்கள். ஆனால் வாசல் மரத்தைப் பார்த்தபடி இருந்தது. ஏன் இப்படித் திருப்பிக் கட்டியிருக்கிறார்கள் என்று கேட்டேன். அது தண்டோடு ஏறி வந்து நேரே உள்ளே நுழைவதற்காம். எனக்கு ஒவ்வொன்றையும் கேட்கவேண்டும் போல இருந்தது. ஜில்லோடு வந்த கீத் என்ற நெட்டை மனிசன், "தம்பியைப் போலவேதான் அக்காவும்," என்று சிரித்தார்.

முதல் சில பெட்டிகளில் ஒன்றும் இல்லை. பிறகு ஒன்றில், ஜில் ஓட்டையை ஒரு மஞ்சள் துணியால் அடைத்துவிட்டு, மூடியைக் கொஞ்சமாக நகர்த்தி உள்ளே பார்த்தார். உதட்டில் விரல் வைத்து எங்கள் பக்கம் திரும்பினார்.

"நித்திரை," என்றார்.

நான் பிழையாகக் கேட்டேனோ என்று கீத்தைப் பார்த்தேன். அவரும் மெல்ல, "நித்திரை," என்று தலையாட்டினார். நீ சொல்லிக்கொடுத்த சொல்லாம். இப்போது அந்தக் குழுவில் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்களாம். புதிதாக வருகிறவர்கள் அதை ஏதோ பழைய ஆங்கிலச் சொல் என்று நினைக்கிறார்களாம்.

நான் எட்டிப் பார்த்தேன். மரப்பட்டை நாரால் பின்னின கூட்டுக்குள், தேன் நிறத்தில் ஒரு உருண்டை. எலுமிச்சம்பழம் அளவுதான். பஞ்சு வாலை முகத்தின் மேல் போர்த்திக்கொண்டு கிடந்தது. காது கொடுத்துக் கேட்டால் மெல்லிய சீட்டிச் சத்தம். குறட்டை, ரமணா! அதற்குக் குறட்டை! அதைத் தொடுவதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டுமாம், அதனால் நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். நீயும் அந்தப் பத்திரத்துக்குத்தான் பழகிக்கொண்டிருந்தாயாம்.

பிறகு நாங்கள் இன்னொரு மரத்தடிக்கு வந்தோம். ஜில் நடையை நிறுத்தினார். நீ விழுந்த இடம் அதுதான் என்று அவர் சொல்லாமலே எனக்கு விளங்கியது. நான் லண்டனிலிருந்து ரெயினில் வரும்போது ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்த கேள்வி ஒன்று இருந்தது. அந்த இடத்தில் அது உடைந்து உடைந்துதான் வந்தது.

"என் தம்பி சாகவேண்டும் என்றா இங்கே வந்தான்?"

அவருக்கு முதலில் விளங்கவில்லை. இன்னொரு தரம் கேட்டேன். முகம் வெளிறிப்போய், விழுந்து கிடந்த ஒரு மரத்தில் குந்தினார். "இவ்வளவு நாளும் அப்படியா நினைத்துக்கொண்டிருந்தீர்கள்?" என்றார். என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினார்.

அன்று காலை முழுக்க, வருகிற வைகாசியில் பத்திரம் கிடைத்துவிடும் என்று சொல்லிக்கொண்டு வந்தாயாம். இந்த மரத்தில் இருந்த பெட்டியின் ஓட்டைக்குத் துணி அடைத்துவிட்டு, மூடியில் வைத்த கையை நீ எடுத்துவிட்டாயாம். இடது தோள் இழுக்கிறது என்றாயாம். கீத் றோட்டுக்கு ஓடினாராம், அம்புலன்ஸைக் கூப்பிட. ஜில் உன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாராம்.

"பயந்தானா?" என்று கேட்டேன்.

"முதலில் பயந்தார். பிறகு என்மேல் கோபப்பட்டார்."

"எதற்கு?"

"பெட்டியில் துணி அடைத்தபடி இருக்கிறது, எடு என்றார். உன்னை விட்டு நான் எழும்ப மாட்டேன் என்றேன். உள்ளே இருப்பது வெளியே வரமுடியாமல் கிடக்கும், எடு என்று திரும்பவும் சொன்னார். மடியில் அவர் தலையை வைத்தபடியே எட்டி ஒரு கையால் இழுத்தேன். துணி வந்ததும் கொஞ்சம் சிரித்தார்."

அப்பா போனதும் நாற்பத்தொரு வயதில், நெஞ்சு வருத்தத்தில்தான். உன் இருதயமும் வீங்கி இருந்தது என்று டொக்டர் சொன்னதாக ஜில் சொன்னார். சிவம் அண்ணைக்கும் அதைச் சொன்னார்களாம். அவர் அதைக் கேட்கிற நிலையில் இருக்கவில்லை போல.

நாங்கள் இரண்டு பேரும் அந்த மரத்தில் கனநேரம் இருந்தோம். ஏன் எனக்குச் சொல்லவில்லை, ரமணா? ஒவ்வொரு கிழமையும் ரெலிபோனில் கதைத்தோமே. "வெளியிலை போயிட்டு வந்தனான் அக்கா," என்பாய். "ஓம் ஓம், சாப்பிட்டியோ?" என்று நான் கேட்பேன். எங்கே போனாய் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயா? ஜில்லிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. "ஒருவேளை, தனக்கென்று ஒன்று இருக்கட்டும் என்று நினைத்தாரோ?" என்றார். இருக்கலாம். வீட்டுக்குக் காசு அனுப்பு, விசா என்னாச்சு, கலியாணம் எப்போது என்று கேட்கிற எங்களுக்கு எட்டாத ஒரு இடம். அதில் எனக்கு ஒரு துளி பொறாமைகூட வந்தது.

ரொறன்ரோவுக்குத் திரும்பி வந்த அன்றே அம்மாவை இருத்திவைத்துச் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. அம்மா முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டார். பிறகு, "எலி பாக்கவோ போனவன்?" என்றார்.

"எலி எண்ண அம்மா."

"கடைசியிலை அந்த மனிசி மடியிலையோ கிடந்தவன்?"

"ஓம்."

"தனியக் கிடக்கேல்லை?"

"இல்லை அம்மா. தனியக் கிடக்கேல்லை."

அம்மா அப்போதுதான் அழுதார். இரண்டு வருடமாக அழுத மாதிரி இல்லை, வேறு மாதிரி. அழுது முடித்துவிட்டு, "பசிக்குது பிள்ளை," என்றார். புட்டு அவித்து இருவரும் சாப்பிட்டோம்.

போன வெள்ளிக்கிழமை அம்மா தானாகவே கோயிலுக்கு வெளிக்கிட்டார். பூசை முடிந்து சாப்பாட்டு வரிசையில் செல்வம் அன்ரி எங்களுக்கு முன்னால் நின்றா. அம்மா அவவின் தோளைத் தட்டினார். அம்மா சண்டை பிடிக்கவில்லை, ரமணா. "செல்வம், உனக்கு ஒரு கதை சொல்லோணும். என்ர மகன் இங்கிலாந்துக் காட்டிலை என்ன செய்தவன் தெரியுமோ?" என்று தொடங்கினார். முன்னும் பின்னும் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பெட்டி, ஓட்டை, குறட்டை, நெஞ்சு வருத்தம் எல்லாவற்றையும் கையால் காட்டிக் காட்டிச் சொன்னார். வெள்ளைக்காரர் "நித்திரை" என்று சொல்கிற இடத்தில் அன்ரி கண்ணைத் துடைத்தா. பின்னால் நின்ற பிள்ளைகள், "அம்மம்மா, what happened next?" என்று நெருக்கிக்கொண்டு வந்தார்கள். சோறு ஆறும்வரை கதை நடந்தது.

இப்போது அம்மாவுக்கு ஒரே கவலைதான். "உந்த ஜில் என்ன சாப்பிடுவா? தட்டைவடை உறைக்குமோ அவவுக்கு?" என்று நாளுக்கு மூன்று தரம் கேட்கிறார்.

வைகாசியில் அவை விழித்தெழும்புமாம். அப்போது காட்டு நிலமெல்லாம் நீலப் பூவாக இருக்குமாம். அம்மாவை அப்போது உன் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருவேன். உறைப்புக் குறைத்த வடையோடு வருவோம். நீ பாதியில் விட்ட பெட்டிகளை நான் எண்ணிப் பழகுவேன். ஜில்லிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

எங்கே போனாய் என்று இனி ஒவ்வொரு கிழமையும் கேட்கப்போகிற,
உன் ரஞ்சி அக்கா