தலையில்லாத ஆட்டக்காரிகள்

முவைலா, சார்ஜா
3.8.2006

அன்பு மக வடிவுக்கு அப்பா எழுதிக்கிறது. அழகர் புண்ணியத்துல எனக்கு உடம்புக்கு ஒரு கொறச்சலும் இல்ல, வேளைக்குச் சாப்பிடுறேன், டூட்டிக்குப் போறேன். அங்க நீயும் அம்மாவும் சித்தப்பா வீட்டு ஆளுகளும் சொகமா இருக்கணும், தினமும் அதத்தான் கேட்டுக்கிறேன். மனச மட்டும் கேக்காத தாயி.

இந்தக் கடுதாசியும் பெட்டியும் எங்க ரூம்ல இருக்கிற கீழக்கரை கௌஸ் முகைதீன் பாய் கொண்டு வர்றார். நான் எடுத்துட்டு வரணும்னு கட்டி வச்ச பெட்டி அது, இன்னொருத்தர் தூக்கிட்டு வந்து நிக்கும்போதே உனக்கு வெளங்கிரும். ஆமாத்தா, உன் கல்யாணத்துக்கு நான் வரல. வர முடியாமப் போச்சு. போன்ல சொல்லிருவோம்னுதான் நெனச்சேன், அம்மா எடுத்ததும் எந்த பஸ்ல வர்றீக, விடியக்காலம்னா சேதுபதித் தம்பிய அனுப்புறேன்னு சந்தோசமா கேட்டா, போன் கார்டுல காசு முடிஞ்சிருச்சுன்னு பொய் சொல்லி வச்சிட்டேன்.

நடந்ததச் சொல்றேன், கேட்டுட்டு உங்கப்பன் ஒரு மடையன்னு நீயே சொல்லுவ. எங்க கடைக்கு ஒரு அரபி பெரிய துணிப்படம் ஒண்ணு சட்டம் போடக் குடுத்தாரு. ஏதோ ஒரு நாடகக் கொட்டகை. மேடைக்குக் கீழ கறுப்புக் கோட்டு போட்ட வாத்தியக்காரங்க நெருக்கி உக்காந்திருக்காங்க, ஒருத்தர் நீளமா ஒரு மரக்குழலக் கன்னம் உப்ப ஊதுறாரு, பக்கத்துல பிடில்காரங்க, பின்னாடி ஆள் ஒசரத்துக்குப் பெரிய பிடில். ஒவ்வொரு மூஞ்சியும் அப்படியே நம்ம எதுக்க இருக்கிற மாதிரி, தொட்டா மீசை குத்தும். ஆனா மேல பாத்தா பகீர்னு ஆயிருச்சு. மேடையில ரோசாக் கலர் பாவாடையில பொண்ணுங்க ஆடுறாங்க, ஒருத்திக்கும் தல இல்ல. கழுத்தோட படம் முடிஞ்சிருது. நம்ம ஊரு ஸ்டுடியோவுல தல வெட்டி போட்டோ எடுத்தா காச விட்டெறிஞ்சுட்டு வந்துருவோம்ல, அப்படி எவனோ அச்சுல கோட்ட விட்டுட்டான்னு நெனச்சேன். அதுவும் போக எங்க கடை மேனேஜர் தியாகு, அரபி மக கல்யாணமாகிக் குடிபோற வீட்டுக்குப் படம் இதுன்னு சொல்லியிருந்தாரு. எனக்கு உன் ஞாபகம் வந்திருச்சு. கல்யாணப் பொண்ணு நித்தம் கண்ணு முழிக்கிற வீட்டுல முண்டமா நிக்கிற பொம்பளைங்க படமா, அடக் கடவுளே, எந்தப் பொண்ணா இருந்தா என்ன, பொண்ணுதானேன்னு பிளேட எடுத்து மேல இருந்த ஆட்டக்காரிகள மொத்தமா அறுத்து எடுத்துட்டேன். வாத்தியக்காரங்கள மட்டும் வச்சு அம்சமா சட்டம் போட்டேன். நல்லது செஞ்சிட்டோம்னு அன்னிக்கு நல்லாத் தூங்கினேன், அதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

அரபி வந்து பாத்தவரு தலையில அடிச்சுக்கிட்டாரு. படமே அப்படித்தானாம். நூறு வருசத்துக்கும் முந்தி பாரிசுல ஒருத்தர் வேணும்னே தலயில்லாம வரஞ்சாராம், வாத்தியக்காரங்கதான் அவருக்குப் பெருசாம், அத ஒருத்தர் கையால பாத்து வரஞ்சு லண்டன்லருந்து வரவழச்சதாம். மக கேட்டு ஆசப்பட்ட படமாம். பெத்தவரு கோவம், நான் என்னத்தச் சொல்ல. தியாகு எனக்காகக் கால்ல விழாத கொறயா கெஞ்சினாரு. எங்களுக்கு விசா குடுத்த முதலாளி, கஃபீல்னு சொல்லுவாங்க, மாஃபி லீவ், கலாஸ், லீவு கெடையாது, அவ்வளவுதான்னு ஒரே பேச்சா முடிச்சிட்டான். வேற படம் வந்து அத நான் சரியா மாட்டிக் குடுக்கிற வரைக்கும் பாஸ்போர்ட் அவன் பெட்டியிலதான். அதுக்குள்ள ஆவணி முகூர்த்தம் போயிரும். தள்ளி வைக்கவும் வழியில்ல, மாப்பிள்ள சரவணகுமாருக்குப் பட்டாளத்துல லீவு அதோட சரி. எல்லாப் பக்கமும் அடச்சுப் போச்சுத்தா. இத்தன வருசம் இந்த வெயில்ல கெடந்தது அந்த ஒரு காலையில உன் பக்கத்துல நிக்கத்தான், அதுவும் இல்லன்னா நான் எதுக்கு இங்க இருக்கேன்னே தெரியல. சட்டத்துல ஆணி அடிக்கக்கூடக் கை வர மாட்டேங்குது.

இப்ப நான் சொல்றதக் கவனமாக் கேளு. தாரை வாக்கத் தம்பதியா நிக்கணும்னு சொல்லி சித்தப்பா சேதுபதியையும் சித்தியையும் நிக்க வைப்பாங்க. சித்தப்பா நிக்கட்டும், என் ரத்தம், எனக்குச் சம்மதம். ஆனா நான் இல்லாததால உங்கம்மாவையும் ஓரமா நிறுத்திருவாங்க, அவளும் பேசாம போயித் தூணுக்குப் பின்னாடி நிப்பா, அவ கொணம் உனக்குத் தெரியும். அத மட்டும் விட்டுறாத. செம்ப அம்மா கையில நீயே வாங்கிக் குடு, தண்ணிய அவதான் ஊத்தணும். சித்தி கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கிறேன். எவனாச்சும் சாத்திரம் பேசினா இந்தக் கடுதாசிய எடுத்துக் காட்டு.

அம்மாவுக்கு இத நீயே படிச்சுச் சொல்லு, தனியாப் படிக்க விடாத. சத்து மாத்திரைய மறக்காமப் போடு, மணவறையில மயங்கி விழுந்துறாத. நீயும் மாப்பிள்ளையும் நெறஞ்ச வாழ்வு வாழணும், பதினாறும் பெறணும்.

இப்படிக்கு,
உசிரோட இருக்கிற உன் அப்பன்,
கார்மேகம்