எலும்பு தெரிகிற பக்கம்

டிசம்பர் 8

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இன்று காலை நைட்டியோடு மொட்டைமாடியில் குப்புறப் படுத்துக் கிடந்தேன், தாடை தரையில். துணி காயப்போட வந்த அடுத்த வீட்டுப் பாலம்மாள், எனக்கு நெஞ்சுவலி என்று முடிவுகட்டித் தெருவையே கூட்டிவிட்டாள். என் வீட்டுக்காரர் கீழே மோட்டார் கடையிலிருந்து ஸ்பேனரோடு ஓடிவந்தார். அதை வைத்து என் நெஞ்சை என்ன செய்வதாக இருந்தாரோ.

நான் தொட்டியில் வளர்க்கிற என் ஜூனிபர் மரத்தின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முழ உயரப் போன்சாய்க்கு முன்பக்கம் எது என்று தேட, அதன் கால் மட்டத்துக்கு நம் கண் இறங்க வேண்டும். அந்த மட்டத்தில் இருந்தது எறும்பும் நானும்தான்.

"மரத்துக்கு ஏது மதினி முன்பக்கம்?" என்றாள் பாலம்மாள்.

"சுத்தி வந்து பாரு. ஏதாவது ஒரு பக்கம் ஒன்னயப் பாத்துச் சிரிக்கும்."

சுற்றி வந்தாள். சிரிக்கவில்லையாம்.

டிசம்பர் 10

முடிவு செய்துவிட்டேன். எலும்பு தெரிகிற பக்கம்தான்.

கொடைக்கானலிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்து நாலு வருஷம். குளிர் ஊர் மரம், ராஜபாளையத்து வெயிலுக்கு நிற்காது என்று சொல்லாத ஆள் இல்லை. இரண்டாவது சித்திரையில் பாதி காய்ந்தது. காய்ந்த பட்டையைக் கத்தியால் உரித்தேன், உள்ளே எலும்பு மாதிரி வெள்ளைக் கட்டை. அதைச் சுற்றிக்கொண்டு விரல் அகலத்துக்குச் சிவப்பாக உயிர்ப்பட்டை மேலே ஏறுகிறது. மரம் பிழைத்துக் கிடப்பது அந்த ஒரு விரலில்தான்.

இதைப் பின்னால் திருப்பி மறைக்கவா?

டிசம்பர் 15

பஸ்ஸில் மரத்தோடு ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஜோயல் சாரிடம் காட்டினேன். பேங்கில் ஓய்வு பெற்றவர். அங்கே போன்சாய் வளர்க்கிறவர்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர். பிப்ரவரிக் கண்காட்சியில் எந்த மரம் மேசை ஏறும் என்பதும் அவர் கையில்.

பார்த்ததும் அரைவட்டம் திருப்பிவிட்டார். வேர் அகலமாகப் பரந்த பக்கம்தான் முன்பக்கமாம். என் பக்கத்தில் வேர் ஒல்லி. அதோடு ஒரு கிளை, பார்க்கிறவர் கண்ணைக் குத்துகிற மாதிரி நேரே நீட்டிக்கொண்டிருக்கிறது. வெட்ட முடியாது, மரத்தின் பச்சையில் பாதி அதில்தான். வளைத்தால் ஒடியும். ஒடிந்தால் மரமே போகும்.

"சொன்னாக் கேளும்மா பொன்மணி. இப்படியே கொண்டாந்தா மேசையில எடம் இல்ல."

"சரி சார், வாசல்ல ஸ்டூல் போட்டு வைக்கேன். உள்ள வாரவங்க என்னயத் தாண்டித்தான வரணும்."

அவர் சிரிக்கவில்லை. நானும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

டிசம்பர் 16

வளைப்பேன்.

டிசம்பர் 22

முதலில் சின்னக் கிளைகள் வளைத்த வாக்கில் நிற்கக் கம்பி சுற்றினேன். எரிந்த மோட்டாரில் கழற்றிய செம்புக் கம்பி எங்கள் கடையில் கிடக்கிறது. நெருப்பில் சிவக்கவிட்டு ஆறவைத்தால் சொன்ன பக்கம் வளையும். பெருமையாகப் படம் எடுத்து ஜோயல் சாருக்கு அனுப்பினேன்.

"இது கிளையா, மோட்டாரா? சுவிட்சப் போட்டா ஓடுமா?" என்று பதில் வந்தது.

பார்த்தால் இடைவெளியே விடாமல் நெருக்கிச் சுற்றி வைத்திருக்கிறேன். இருபத்தாறு வருஷம் வீட்டுக்காரரோடு கடையில் உட்கார்ந்து மோட்டாருக்குக் கம்பிச்சுருள், அதான் காயில், கட்டிய கை. காயிலுக்கு அதுதான் சுத்தம், கிளைக்கு மூச்சுமுட்டும். அம்புட்டையும் துண்டு துண்டாக வெட்டி எடுத்துவிட்டு, இடம் விட்டுச் சாய்வாகச் சுற்றினேன். கை கேட்கவில்லை. கையைத் திட்டினேன்.

ஜனவரி 5

இன்று பெரிய கிளை. சத்திரப்பட்டித் தறியில் மிச்சமான பேண்டேஜ் துணியை நனைத்து இறுக்கிக் கட்டி, அதன்மேல் மூன்று கம்பி சேர்த்துச் சுற்றினேன். இவர் அடிமரத்தைப் பிடித்துக்கொண்டார், நான் கிளையைக் கீழே வளைத்தேன்.

"ஏட்டி, போதும். விட்டுரு."

"பேசாமப் பிடிங்க."

முக்கால்வாசி இறங்கியதும் டக் என்றது.

போச்சா? கைய எடுக்கவும் பயம், வைக்கவும் பயம். இவிய மூஞ்சியப் பாத்தா, மரத்தப் பாக்காம என்னயப் பாத்துக்கிட்டு நிக்காவ. நாலு வருஷம் வெயிலு கொல்லாதத நானே கொன்னுட்டனா? ஒனக்கு எதுக்குட்டி இம்புட்டு வீம்பு?

ஜனவரி 6

பச்சையாகத்தான் இருக்கிறது. நம்பக்கூடாது. செத்த பிறகும் ஒரு மாதம் பச்சையாக நடிக்கிற மரம் இது.

ஜனவரி 15

பொங்கல். மாடியில் கட்டுப்போட்டு நிற்கிறவர் எப்படி இருக்கிறார் என்று பாலம்மாள் கேட்டாள். சாப்பிடுகிறார், பேசமாட்டேன் என்கிறார் என்றேன்.

ஜோயல் சாரும் போன் செய்தார். டக் சத்தத்தைப் பற்றிச் சொன்னேன். கிளை போய் மரம் தப்பித்துவிட்டால், திருப்பி வைத்து ஒப்பேற்றலாம் என்றார், நல்ல மனசோடுதான். "ஒடிஞ்சாலும் இந்தப் பக்கந்தான் சார்" என்று சொல்லிவிட்டேன்.

போனை வைத்துவிட்டுச் செத்த நேரம் அழுதேன். யாரும் பார்க்கவில்லை.

பிப்ரவரி 4

வளைத்த கிளையின் நுனியில் வெளிர்பச்சை. புதுசு. கண்ணாடி போட்டு எண்ணினேன், பதினொரு துளிர்.

இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். எங்கே, எங்கே என்கிறார். பெரிய மோட்டார் மெக்கானிக்.

பிப்ரவரி 15

கண்காட்சி. ஸ்டூலும் கொண்டுபோயிருந்தேன்.

ஜோயல் சார் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். தொட்டியில் கை வைத்ததும், திருப்பப் போகிறார் என்று நானும் கை வைத்தேன். அவர் திருப்பவில்லை. ஜன்னல் வெளிச்சம் எலும்பில் விழுகிற மாதிரி கொஞ்சமாய் நகர்த்தி, மேசை நடுவில் வைத்தார்.

"வேரு ஒல்லிதான்" என்றார்.

"ஆமா சார்."

ஸ்டூலில் நான் உட்கார்ந்துகொண்டேன்.

பிப்ரவரி 16

இரண்டாம் நாள். நான் காபி குடிக்கப் போயிருந்த நேரத்தில், ஆண்டாள் கோவிலிலிருந்து நேராக வந்த ஒரு அம்மா, நெற்றிக்கு வைத்ததுபோகக் கையில் மிச்சமிருந்த குங்குமத்தைத் தூணில் தடவுகிற மாதிரி எலும்பில் தடவிவிட்டுப் போயிருக்கிறார். ஈரத்துணியால் துடைத்தேன். பரவிவிட்டது. ஜோயல் சார் வந்து பார்த்து, இன்று ஒருநாள் மட்டும் திருப்பி வைக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். சாயங்காலம் வரைக்கும் அப்படியே ரோஸ் நிறத்தில் இருந்தது.