டாக்கோவுக்குச் செஞ்சோள விதை

டாக்கோ,

என் மகன் சம்போ போய் நாலு மாதம் பத்து நாள் ஆகிவிட்டது. உன் துக்கக் கெடு முடிந்தது. இன்று மத்தியானம் உன் அண்ணன் ஜுல்தே உன்னைக் கூட்டிப்போக வருகிறான். அடுப்பில் கஞ்சி இருக்கிறது, இருவரும் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். உன் மூட்டையை நான் சோதிக்கவில்லை.

தோட்டத்துச் செஞ்சோளத்தில் ஒரு கதிர்கூட வாசல் தாண்டக் கூடாது என்று, நீ அண்ணன் வீட்டுக்குப் போவதாகச் சொன்ன அன்று கத்தினேன். "அப்ப என்னையும் அங்கயே நட்டு வெச்சிருங்க மாமா" என்றாய்.  

விதைக் கதிர்களை என் பழைய தலைப்பாகைத் துணியில் கட்டி உன் பாய்மேல் வைத்திருக்கிறேன். எல்லாம் உனக்குத்தான், போகிற இடத்தில் விதைத்துக்கொள். அந்தச் செடியின் சிவந்த தோகையைப் பாலில் போட்டுக் கொதிக்கவைத்து நீ எடுக்கும் பாலாடைக்கட்டியின் சிவப்பு சந்தையில் எவளிடமும் இல்லை. கடைச் சாயப்பொடியை நம்பாதே. கடைக்காரனையும் நம்பாதே. பின்னால் நீ மறுமணமாகிப் போகும் புது வீட்டில் உன் கட்டி வெளுத்துக் கிடந்தால் சம்போவுக்குத்தான் கேவலம்.

மாடுகளை ஆற்றுப்பக்கம் ஓட்டிப் போகிறேன். எனக்காகக் காத்திருக்காதே.

கூரையடியில் நீ உரித்துக் காயவைத்த தோகையை மட்டும் விட்டுப் போ. இனி இங்கே கட்டி செய்ய ஆளில்லை என்று எனக்கும் தெரியும். சும்மா தொங்கட்டும்.