ஜன்னலில் இருக்கும் உன் எண்ணெய்

என் பிரியமான அக்கா,

நேற்று விளக்கு வைத்த பிறகு உன் மகள் செல்வி என் புடவையைப் பிடித்துக்கொண்டு, "சித்தி, இன்னா இன்னும் வெளக்கு ஏத்தல?" என்று கேட்டாள். விளக்கு அவள் முகத்துக்கு நேரே எரிந்துகொண்டிருந்தது.

இன்று காலையில் ராயபுரத்து டாக்டரிடம் கூட்டிப் போனேன். வெள்ளை விழி காயத் தொடங்கிவிட்டது என்றார். கருவிழிக்கும் பரவினால் பகல் பார்வையும் போய்விடுமாம். சுறா ஈரல் எண்ணெய் கொடுக்கச் சொன்னார். தினமும் கொடுக்கிறோம் என்றேன். "அப்படின்னா இது வரவே கூடாதேம்மா" என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

நாம் கொடுப்பது நீ காய்ச்சி வைத்துவிட்டுப் போன எண்ணெய். வெயில் பட்டால் வீரியம் ஏறும் என்று குப்பத்தில் எல்லோரையும் போல அம்மாவும் அந்தக் கண்ணாடி ஜாடியை ஜன்னலில் வைத்திருக்கிறாள்.

வழியில் நூலகத்தில் ஒரு விஞ்ஞானப் பத்திரிகையைத் தேடிப் படித்தேன். வெளிச்சமும் காற்றும் பட்டால் எண்ணெயின் நுண்துகள் ஒன்று உடைந்து குறையாய் நிற்குமாம். அது சும்மா இருக்காது. பக்கத்தில் இருப்பதைப் பிய்த்துத் தன்னை நிரப்பிக்கொள்ளும். பிய்க்கப்பட்டது அடுத்ததைப் பிய்க்கும். கண்ணுக்கான வைட்டமினும் அதில் அழிந்துபோகும். புது எண்ணெயில் இதைத் தடுக்கும் சத்து கொஞ்சம் உண்டு. அது தீர்ந்தபின் தடுக்க எதுவுமில்லை. நம் உடம்புக்குள்ளும் இப்படி நடக்கக்கூடும் என்று எழுதியிருந்தார்கள். உன்னைக் கொண்டுபோன அந்தக் கடைசிக் காய்ச்சலில் உனக்குள் நடந்தது என்ன, அக்கா?

வீட்டுக்கு வந்து ஜாடியை எடுக்கப் போனேன். அம்மா குறுக்கே நின்றாள்.

"தொடாதடி! அவ கையால காய்ச்சுனது. இன்னும் பாதி கீது."

"கெட்டுப்போய் நாறுதும்மா."

"மீன் எண்ணெ மல்லிப்பூவாட்டமா மணக்கும்? புக்கு படிச்சி படிச்சி மூக்கும் மாறிப்போச்சா ஒனக்கு?"

நான் தடுப்பதற்குள் செல்வி மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு கரண்டி விழுங்கிவிட்டாள். "எங்கம்மா எண்ணெ" என்றாள், பெருமையாக.

நாளை கட்டுமரங்கள் கரைக்கு வந்ததும் புது ஈரல் வாங்குவேன். காய்ச்சி, பழுப்புப் புட்டியில் காற்றுக்கு இடமில்லாமல் கழுத்துவரை ஊற்றி இருட்டில் வைப்பேன். பார்வை திரும்பும் என்று டாக்டர் சொல்லவில்லை.

அதற்கு முன் உன் ஜாடியை மணலில் கவிழ்த்துவிடுவேன், அக்கா. அம்மா என்னோடு பேசமாட்டாள். செல்வி வளர்ந்த பிறகு, தன் அம்மா விட்டுப்போனதை ஏன் கொட்டினாய் என்று கேட்பாள். என் முகத்தைப் பார்த்துக் கேட்பாள். அந்தப் பார்வைக்கு நான் பொறுப்பு.

உன் மகளை வளர்க்கும்
உன் தங்கை