மூன்று முறை கூப்பிட்ட பெயர்

அன்பு மகள் நயனாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் எருமையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். போலீஸ் பயிற்சியில் ஓடி ஓடி வீங்கிய உன் முழங்கால் வடிந்துவிட்டதா, அங்கத்துச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று எழுது.

போனில் சொல்ல வாய் வரவில்லை, உட்கார்ந்து படி. சூரத்தில் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இறந்த உன் அண்ணன் அர்விந்துக்கு வருடம் திரும்பியதும் கல் நட்டு வார்ப்பதற்காக அம்மா காய்ச்சி வைத்த இலுப்பைப் பூச் சாராயத்தைப் பானையோடு போலீஸ் எடுத்துப் போனது வரை உனக்குத் தெரியும். அன்று நான் வயலில் இருந்தேன். ஸ்டேஷனுக்குப் புதிதாக வந்த ஜமாதார் "இது யாரோடது?" என்று கேட்டிருக்கிறார். இறந்தவனுக்கென்று வைத்ததை நம்மவர் யாராவது என்னுடையது என்பார்களா? "என் மகனோடது" என்றாளாம் அம்மா. பெயர் கேட்டார்கள், சொன்னாள். அவன் எங்கே என்றதற்கு, "இன்னும் வெளியிலதான் நிக்கிறான் சாமி, உள்ள சேரல" என்றாளாம். கல் நட்டு வார்த்தால்தானே இறந்தவன் முன்னோரோடு உள்ளே சேர்வான்; அது புரியாமல் அவர்கள் மதுவிலக்குச் சட்டத்தில் அர்விந்த் மேல் வழக்கு எழுதி, தலைமறைவு என்று போட்டுவிட்டார்கள்.

நான் அன்றைக்கே போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். மங்கு சித்தப்பாதான், "செத்தவன ஜெயில்லயா போடப் போறாங்க? அண்ணி மேல கேஸ் வந்தா உன் பொண்ணு காக்கிச் சட்டை போட்ட மாதிரிதான், கம்முனு கெட" என்றான். நானும் கிடந்தேன். உன் அப்பன் அவ்வளவு தைரியசாலி. ஆனால் அம்மா ஒவ்வொரு வாய்தாவுக்கும் தலைவாரிக்கொண்டு பஸ் ஏறி டேடியாபாடா கோர்ட்டுக்குப் போனாள், நானும் பின்னாலேயே போனேன். சேவகர் வராந்தாவில் நின்று "அர்விந்த் கன்பத் வசாவா!" என்று மூன்று முறை கூவுவார். மூன்று முறையும் அவள் வாசலைப் பார்ப்பாள். ஏனடி இப்படி அலைகிறாய் என்றால், "அவன் பேரை யாரு இப்போ சத்தமா கூப்பிடறாங்க? அங்க ஒருத்தன் கூப்பிடறான்" என்றாள்.

போன வாரம் அர்விந்தை ஒளித்து வைத்திருப்பதாகச் சொல்லி மங்குவின் மகனைப் பிடித்துப்போய் ராத்திரி முழுக்க உட்கார வைத்துவிட்டார்கள். இப்போது அதே மங்கு என் வாசலில் வந்து கத்துகிறான். வியாழக்கிழமை சேவகர் மூன்றாவது முறை கூவியதும் அம்மா எழுந்து, "வந்திருக்கேன்" என்றாள். வராந்தாவே சிரித்தது. "என்ன தாயி, உம்பேரா அர்விந்த்?" என்றார் சேவகர். "அவன் செத்துட்டான் சாமி. காய்ச்சினது நான்" என்றாள். நான் எழுந்து போய் அவனுடைய இறப்புச் சான்றிதழைக் கொடுத்தேன். நாலு மாதமாக ஒவ்வொரு வாய்தாவுக்கும் அது என் சட்டைப் பையில்தான் இருந்தது நயனா. உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன், எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அம்மாவை ஜாமீனில் விட்டுவிட்டார்கள். இனி வழக்கு அவள் மேல்தான். வீட்டில் யார் மேலாவது வழக்கு உண்டா என்று உன் மேலதிகாரிகள் கேட்டால் உண்டு என்றே எழுது, மங்கு மாதிரி யார் யோசனை சொன்னாலும் மறைக்காதே. வேலை போய்விடுமோ என்று எனக்கும் பயம்தான். போனால் வீட்டுக்கு வா, அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்காதே.

ஒன்று மறந்துவிடாதே. வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, பிடித்து வைத்த சாராயத்தையெல்லாம் ஸ்டேஷன் பின்னால் மண்ணில் கொட்டி அழிக்கிறார்கள். நம் பானையும் அதில் உண்டு. நாங்கள் வேலிக்கு வெளியே நிற்போம். யார் கையால் ஊற்றினாலும் மண்ணில் விழுந்தால் அவனுக்குப் போய்ச் சேரும் என்கிறாள் அம்மா. அந்த நேரம் நீ அணிவகுப்பில் நின்றாலும் மனதுக்குள் அண்ணனை ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடு. அதன் பிறகு நாம் கூப்பிடக் கூடாது, அவன் உள்ளே போய்விடுவான்.

நம் முன்னோர் உனக்குத் துணை நிற்கட்டும். நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா,
கன்பத் வசாவா