வெறுங்குழாயில் ஒரு பெண் குழந்தை

மார்ச் 4, திங்கள்
ஜொகூர் பாருவில் எங்கள் கருத்தரிப்பு மையத்தில் இன்று கேக். போன வாரம் மரபணுச் சோதனைக்கு வந்த பதினோரு கருவிலும் குறையே இல்லையாம். பதினொன்றும் பெண். உரிமையாளர் டாக்டர் சிறீகாந்தன் வெட்டினார். ஆய்வகத் தரத்துக்குப் பொறுப்பு நான் என்பதால் எனக்குப் பெரிய துண்டு. பாதியில் வைத்துவிட்டேன் — பதினொன்றுமா?

மார்ச் 5
கருவின் செல் போடாமல், வெறும் திரவம் விட்ட குழாய் ஒன்றையும் கூடவே இயந்திரத்தில் ஓட்ட வேண்டும். அதில் எதுவும் வரக்கூடாது. போன வாரம் ஓட்டவே இல்லை.
"கேஸ் நெறைய லா அக்கா, எடம் இல்ல," என்கிறாள் ஆய்வக உதவியாளர் தேன்மொழி.
நானே ஓட்டினேன்.

மார்ச் 6
வெறுங்குழாய்க்கு நாற்பத்தாறு குரோமோசோம். ஆரோக்கியமான பெண்!
எவளுடைய தோல் துகளோ திரவப் புட்டியில் விழுந்திருக்கிறது. வாரம் முழுக்க அவளைத்தான் சோதித்துப் பாராட்டியிருக்கிறோம்.
டாக்டர் தாளைப் பார்த்தார். "நம்ம லேப்ல தண்ணி கூட நார்மல். நல்லதுதானே?" சிரிக்கக்கூட இல்லை.
நாளை பிரவீனாவுக்குக் கரு வைக்கிறார்கள். முதல் குழந்தை, ஒரு குரோமோசோம் கூடிப்போய், பிறந்த வாரமே இறந்தது. அதற்குப் பயந்துதான் இந்தச் சோதனைக்கே வந்தாள்.
நான் நகராமல் நின்றதும், "மெஷின் சர்வீஸ்னு சொல்லி ரெண்டு நாள் தள்ளுங்க. அப்புறம் அதையே வச்சிரலாம்," என்கிறார் டாக்டர்.
என்னையே கேட்டுக்கொண்டேன்: ஏன்டி சுபத்திரா, உனக்கு வாய் இருக்கா இல்லையா?

மார்ச் 7
பிரவீனாவிடம் சொல்லிவிட்டேன். "அந்த ரிசல்ட் உங்க கருவோடது இல்லம்மா."
"அப்ப யாரோடது?"
"தெரியல."
"அலமாக்!" பிரவீனாவின் கணவர் லோகேஸ்வரன் போட்ட சத்தம் வரவேற்பறை வரைக்கும் கேட்டது. காத்திருந்த தம்பதிகள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். அவள் மட்டும் உட்கார்ந்தே இருந்தாள்.
மாலைக்குள் டாக்டரின் உத்தரவு: அத்தனை கருவிலும் மறுபடி செல் எடுத்து இலவச மறுசோதனை. அதற்குப் பெயர் 'சிறப்புச் சலுகை'.

மார்ச் 8
என்னைக் கண்டதும் டாக்டர் லிப்டை விட்டுப் படியில் ஏறிப்போனார்.

மார்ச் 28
மறுசோதனை முடிவு வந்தது. வெறுங்குழாயில் ஒன்றும் வரவில்லை. பதினொன்றில் நல்லவை நான்கு. பிரவீனாவின் மூன்றில் ஒன்று.
அன்று வைக்கவிருந்தது அது இல்லை. அன்றையதில் முதல் குழந்தைக்கு இருந்த அதே கூடுதல் குரோமோசோம்.
கழிவறையில் போய் அழுதேன். இன்று யாரும் கேக் வாங்கவில்லை.

மே 24
நெடுஞ்சாலையில் எங்கள் மையத்தின் புதுப் பலகை: 'உங்களைச் சோதிக்கும் முன் எங்களையே சோதிக்கிறோம்.' கைகட்டிச் சிரிக்கிறார் டாக்டர்.
போன மாதம் அந்த ஒரு நல்ல கருவை வைத்துக்கொண்ட பிரவீனா, அதே சாலையில் உள்ள செடெனாக்கிலிருந்து குரல்பதிவு அனுப்பியிருந்தாள். "அக்கா, ஒங்க டாக்டர் போர்டுக்குக் கீழயே காடிய நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தேன் லா. காலையிலேர்ந்து மூணாவது தடவ. இது நல்லதுதானேக்கா?"