கனம் கூடிய சங்கிலி

மார்ச் 4, செவ்வாய்

எண்ணெய், பருப்பு, விறகு எல்லாம் எழுதியாயிற்று. துணி வெளுப்பவருக்கு நாளை.

இவர் கிடங்கிலிருந்து வரும்போதே ஒரு சேதியோடு வந்தார். ராஜா தலை போட்ட பழைய வெள்ளிக் காசு இந்த மாதத்தோடு செல்லாதாம். கருவூலத்தில் கொடுத்தால் ஒன்றுக்கு ஒன்று புதுசு தருவார்களாம். அதே ராஜா, அதே மதிப்பு. பின் எதற்கு மாற்றவேண்டும்? நமக்குப் புதுசு கொடுக்கவா கடல் தாண்டி வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்?

"உனக்கு ராஜா மேலயே சந்தேகமா?" என்று சிரித்தார்.

"ராஜா மேல இல்ல. அவருக்குக் கணக்கு எழுதறவங்க மேல."

சாயங்காலம் சின்னவள், கொழுந்தன் மனைவி, தன் தம்பி கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள என் சங்கிலியைக் கேட்டாள். என் அம்மா போட்டது. என் மகளுக்கென்று இருக்கும் ஒரே தங்கம். ஒரே அடுப்பில் சமைக்கிறோம், இல்லை என்று எப்படிச் சொல்வது? கொடுக்குமுன் கதவைச் சாத்திக்கொண்டு சின்னத் தராசில் வைத்தேன். இந்த வீட்டில் எடைக்கல் வெள்ளிக் காசுதான். எப்போதும்போலச் சரியாக மூன்று காசு எடை. கணக்குப் பார்ப்பது சந்தேகம் ஆகாது.

மார்ச் 8, சனி

பெட்டியிலிருந்த பன்னிரண்டு காசையும் கொண்டுபோய், வெயிலில் வரிசையில் நின்று, பன்னிரண்டு புதுசு வாங்கிவந்தார். அதே தாடி, அதே கிரீடம், அதே அகலம். ஒவ்வொன்றாகத் தரையில் சுண்டிப் பார்த்தேன். சத்தம் கொஞ்சம் கீச்சென்று வந்தது.

"புதுசுல எல்லாம் அப்படித்தான். நீ வந்த புதுசுல உன் குரலும் கீச்சுன்னுதான் இருந்துச்சு."

பன்னிரண்டு போனது, பன்னிரண்டு வந்தது. கணக்கு நேர்.

மகள் காய்ச்சலில் கிடந்தபோது வேண்டிக்கொண்டு முடிந்துவைத்த பழைய காசு ஒன்று சாமி அலமாரியில் இருக்கிறது. அதை மட்டும் தரவில்லை. சாமிக்கென்று சொன்னதை ராஜாவிடம் மாற்றக் கூடாது.

மார்ச் 15, சனி

மளிகைக்காரர் குரலைத் தாழ்த்தி, "பழைய வெள்ளி மிச்சம் இருக்காம்மா? இருந்தா குடுங்க, அரிசி கூடப் போட்டுத் தரேன்" என்கிறார். செல்லாமல் போகப்போகிற காசுக்கு எதற்கு அரிசி? இந்த ஆள் எப்போதுமே ஒரு தினுசு. இனி அளக்கும்போது கையைப் பார்க்கவேண்டும்.

மார்ச் 19, புதன்

சங்கிலி வந்துவிட்டது. சின்னவள் காகிதத்தில் மடித்து, இரண்டு கையாலும் கொடுத்தாள்.

கதவைச் சாத்தித் தராசில் வைத்தேன். சங்கிலித் தட்டு இறங்கிவிட்டது.

குறைந்திருந்தால் புரியும், ஒரு கண்ணியை வெட்டி எடுத்துவிட்டாள் என்று. கூடியிருக்கிறதே. ஊருக்குப் போய்வந்த தங்கம் சாப்பிட்டா பெருக்கும்?

மார்ச் 20, வியாழன்

தட்டை மாற்றி வைத்தேன். அதேதான். மூன்று வெள்ளியோடு ஒரு செப்புக் காசும் சேர்த்தால்தான் முள் நடுவில் நிற்கிறது.

தூக்கம் இல்லை. நிஜத்தை விற்றுவிட்டு, அதே மாதிரி ஒன்று செய்து, உள்ளே ஈயம் வைத்து, மேலே முலாம் பூசி — செய்தவனுக்கு எடை தவறிவிட்டது. வேறென்ன இருக்க முடியும்? நிறம்கூட மங்கலாகத் தெரிகிறது. முன்பும் இப்படித்தான் இருந்ததோ?

மார்ச் 23, ஞாயிறு

சின்னவளுக்குத் தையல் மெஷின் வந்து இறங்கியிருக்கிறது. "தவணைலதாங்க்கா" என்றாள். நான் கேட்கவே இல்லையே. கேட்காததற்கு ஏன் பதில்?

மார்ச் 27, வியாழன்

கேட்டுவிட்டேன். அடுப்படியில், அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"சங்கிலி கனம் கூடியிருக்கே, எப்படி?"

முதலில் விளையாட்டு என்று நினைத்தாள். "கல்யாணச் சாப்பாடு அப்படிக்கா." என் முகத்தைப் பார்த்தபின் கை நின்றுவிட்டது.

"நீங்க குடுத்ததத்தான் போட்டேன். போட்டதத்தான் கழட்டிக் குடுத்தேன்."

"சாமி முன்னால வந்து சொல்லு."

"சாமிக்குத் தெரியும்க்கா. அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்ல."

எழுந்து போய்விட்டாள். மடியில் கனம் இல்லாதவள் ஏன் மறுக்கவேண்டும்? ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? கடவுளே, என் பிள்ளைக்கு இருந்தது அது ஒன்றுதான். நான் எங்க போவேன், யாருகிட்டச் சொல்லுவேன்.

ஏப்ரல் 2, புதன்

நகை செய்யும் ஆசாரியிடம் போனேன்.

"வெட்டினா ஒட்டுத் தெரியும்மா. உரசிப் பாத்தாலே போதும்."

"மேல உரசினா மேல இருக்கறதுதான் தெரியும். வெட்டுங்க."

நடுவில் ஒரு கண்ணியைக் கத்தரித்தார். உள்ளே மஞ்சள். இன்னொன்றையும் வெட்டச் சொன்னேன். அதுவும் மஞ்சள்.

"முழுக்கத் தங்கம்தாம்மா. இன்னும் வெட்டச் சொன்னீங்கன்னா சங்கிலி இருக்காது, தூள்தான் இருக்கும்."

ஏப்ரல் 3, வியாழன்

ஆசாரியும் சின்னவளும் ஒரே தெருவில் பிறந்தவர்களாமே.

ஏப்ரல் 6, ஞாயிறு

கொழுந்தன் பின்கட்டில் தனி அடுப்பு போட்டுவிட்டார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. இவரிடம் மட்டும், "அண்ணிக்கு எங்களால நிம்மதி கெட வேணாம்ண்ணே" என்றாராம். பாத்திரங்களைப் பிரிக்கும்போது சின்னவள் தான் கொண்டுவந்ததை மட்டும் எடுத்துக்கொண்டாள். அவள் வாங்கிப்போட்ட தோசைக்கல்லைக்கூட என் பக்கம் விட்டுவிட்டாள்.

ஏப்ரல் 11, வெள்ளி

மனசு சரியில்லை என்று, வேண்டுதல் காசையாவது செலுத்திவிடலாம் என்று முடிச்சை அவிழ்த்தேன். உள்ளங்கையில் விழுந்ததும் என்னவோபோல் இருந்தது. பெட்டியிலிருந்து புதுக் காசு ஒன்றை எடுத்து இரண்டையும் தராசில் வைத்தேன்.

பழைய காசு இறங்கியது. புதுசு மேலே போய்விட்டது.

பிறகு இரண்டையும் பக்கவாட்டில் ஒட்டிவைத்துப் பார்த்தேன். புதுசு ஒரு நூலளவு மெலிசு. அதே தாடி, அதே கிரீடம், வெள்ளியில் மட்டும் கை வைத்திருக்கிறார்கள். சங்கிலி கூடவே இல்லை. எடைக்கல் இளைத்திருக்கிறது. மளிகைக்காரருக்குத் தெரிந்திருந்தது.

மார்ச் நான்காம் தேதி எனக்கே மூக்கில் வேர்த்ததுதான். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்றதும் விட்டுவிட்டேன். எடை தெரிந்த வேறொரு நகையை வைத்துப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். கையில் வெள்ளி வளையல் கிடந்தது, தோன்றவில்லை. யார் என்று முடிவு செய்துவிட்டேனே, பிறகு எப்படித் தோன்றும்?

காசைச் செலுத்திவிட்டு வந்தேன். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

ஏப்ரல் 12, சனி

பின்கட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். என்னை மன்னிச்சிடு என்றும் சொன்னேன். சின்னவள் மெஷினை நிறுத்தவில்லை.

"சங்கிலிய ஒட்ட வெச்சிட்டீங்களாக்கா?"

"வெச்சாச்சு. ரெண்டு இடத்துல தழும்பு தெரியுது."

"தெரியத்தான் செய்யும்."

ஏப்ரல் 20, ஞாயிறு

சின்னவள் ஏலக்காய் கேட்டு வந்தாள். அவளாக வந்தாள். இரண்டு காசு எடை கொடுத்தேன். எடை போடாமல் அள்ளிக் கொடுக்கத்தான் போனேன், "போட்டே குடுங்கக்கா" என்றாள்.

மே 2, வெள்ளி

ஏலக்காயைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். "தராச எடுங்கக்கா."

"எதுக்குடி, வெச்சிட்டுப் போ."

கேட்கவில்லை. தானே இரண்டு காசை ஒரு தட்டில் வைத்து, மறு தட்டில் ஏலக்காயைக் கொட்டினாள். அந்தத் தட்டு துளி இறங்கியது. ஒரு காயை எடுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். முள் நடுவில் நின்றது.

"கூடிடக் கூடாதுல்லக்கா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

ஏலக்காய்: கொடுத்தது இரண்டு காசு எடை, வந்தது இரண்டு காசு எடை. கணக்கு நேர்.